ஆம்ப்ஸ் இறங்கும், யூனிட் இறங்காது

கரண்டு பில்லைக் குறைக்கும் பெட்டி என்று ஒன்று பல வருடமாக வடசென்னையில் சுற்றி வருகிறது. கொசு மெஷினைவிடக் கொஞ்சம் பெரிதாக, வெள்ளை பிளாஸ்டிக்கில், முன்னால் ஒரு பச்சை விளக்கோடு இருக்கும். பிளக்கில் சொருகிவிட்டால் போதும், பில் 30 முதல் 40 சதவீதம் இறங்கும் என்பார்கள். நடைபாதையில் கிடைக்கிறது, ஆன்லைனில் கிடைக்கிறது, கோடை வந்தால் வீட்டு வாசலுக்கே வருகிறது. பெயர் மட்டும் மாறிக்கொண்டே இருக்கும். முன்பு ‘ஸ்மார்ட்’, அப்புறம் ‘நானோ’, இப்போது ‘ஏஐ’.

இதைப் பற்றிய வாக்குவாதம் தெருவுக்குத் தெரு ஒரே மாதிரி நடக்கிறது. வாங்கிய வீட்டுக்காரர், “போன பில்லுக்கு இந்த பில் 600 ரூபா கம்மிப்பா” என்று பில்லையே எடுத்து நீட்டுவார். டிப்ளமா படிக்கிற பிள்ளை, “அதெல்லாம் டுபாக்கூர்ண்ணே” என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான். முதல் ஆள் கையில் ஒரு தாளாவது இருக்கிறது. இரண்டாவது ஆள் கையில் ஒன்றுமில்லை. பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் தாள் வைத்திருப்பவர் பக்கம் சாய்ந்தால் அவர்களைக் குறை சொல்ல முடியாது. சந்தேகப்படுகிறவருக்கும் அளந்து காட்டும் கடமை உண்டு. இந்தப் பெட்டி விஷயத்தில் அது ஒரு மணி நேர வேலை. வீட்டு மீட்டரும் செல்போனில் உள்ள ஸ்டாப்வாட்சும் போதும்.

முதலில், விற்கிறவர் காட்டும் சோதனையைப் பார்ப்போம். அது பொய் சோதனை இல்லை. அதனால்தான் அதில் இத்தனை பேர் விழுகிறார்கள்.

ஒரு பலகையில் சின்ன மோட்டார் ஓடும். வயரைச் சுற்றி டாங் டெஸ்டர் (ஓடும் கரண்டை அளக்கும் இடுக்கிக் கருவி) மாட்டியிருப்பார். “அண்ணா, மூணு ஆம்ப்ஸ் காட்டுது பாருங்க. இப்போ பெட்டிய சொருகறேன்.” எண் சரசரவென்று இறங்கி 1.76இல் நிற்கும். “ஒண்ணே முக்கால்! பாதிக்குப் பாதி மிச்சம்ணா.” டாங் டெஸ்டர் சரியாகத்தான் காட்டுகிறது. ஆம்ப்ஸ் உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. ஆனால் இ.பி. உங்களிடம் ஆம்ப்ஸுக்குக் காசு வாங்குவதில்லை, யூனிட்டுக்கு வாங்குகிறது.

மோட்டார் இழுக்கும் கரண்டில் இரண்டு பங்கு இருக்கிறது. ஒரு பங்கு வேலை செய்து தீர்ந்துபோகிறது: தண்டு சுழல்கிறது, வைண்டிங் சூடாகிறது. இன்னொரு பங்கு கைமாத்து மாதிரி. காந்தப் புலத்தை உண்டாக்க மோட்டார் அதை வாங்கும், உடனே திருப்பிக் கொடுத்துவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் சப்ளையில் இந்தக் கொடுக்கல் வாங்கல் வினாடிக்கு 100 தடவை நடக்கிறது. டாங் டெஸ்டர் வயரில் போய் வந்த எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும். வீட்டு மீட்டர் செலவானதை மட்டும் எண்ணும். பெட்டிக்குள் இருக்கிற கெப்பாசிட்டர் (பழைய எலக்ட்ரீஷியன்கள் கண்டன்சர் என்பார்கள்) செய்வதெல்லாம் அந்தக் கைமாத்தைப் பக்கத்து வீட்டிலிருந்து கொடுப்பதுதான். தெருமுனை டிரான்ஸ்பார்மர் வரை போய் வாங்க வேண்டிய கடன் பக்கத்திலேயே கிடைக்கிறது. வயரில் ஓட்டம் குறைகிறது. செலவு அப்படியே இருக்கிறது.

எண்ணில் பார்த்துவிடலாம். 230 வோல்ட்டில் 3 ஆம்ப்ஸ் இழுக்கும், 400 வாட் தின்னும் ஒரு அரை ஹெச்.பி. மோட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். 230ஐ 3ஆல் பெருக்கினால் 690 வோல்ட்-ஆம்பியர். 400ஐ 690ஆல் வகுத்தால் பவர் ஃபேக்டர், அதாவது மொத்த ஓட்டத்தில் வேலை செய்யும் பங்கு, 0.58. கைமாத்துப் பங்கு ஏறக்குறைய 562 (இரண்டு பங்கும் நேராகக் கூடாது, செங்கோண முக்கோணத்தின் பக்கங்கள் மாதிரி வர்க்கத்தில்தான் கூடும்). இதில் 30 மைக்ரோஃபாரட் (கெப்பாசிட்டரின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) கெப்பாசிட்டரை இணைத்தால் அது 499ஐத் தானே கொடுத்துவிடும், மிச்சம் 63. மொத்தம் 405 வோல்ட்-ஆம்பியராக இறங்கும், கரண்டு 1.76 ஆம்ப்ஸ் ஆகும். வாட் எவ்வளவு? முன்பும் 400, இப்போதும் 400.

விற்பவரிடம் சண்டை போட வேண்டாம், ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: “மோட்டாரை ஆஃப் பண்ணிட்டுப் பெட்டிய மட்டும் விடுங்க.” டாங் டெஸ்டர் 2.17 ஆம்ப்ஸ் காட்டும். எதுவுமே ஓடவில்லை, ஆனாலும் 2 ஆம்ப்ஸுக்கு மேல் போகிறது. ஆம்ப்ஸ் என்றால் செலவு என்ற அவருடைய கணக்குப்படி, இப்போது அந்தப் பெட்டியே 500 வாட் தின்ன வேண்டும். தின்னவில்லை, தொட்டால் ஜில்லென்றுதான் இருக்கும். கூடியிருப்பவர்களுக்கு இது போதும், பவர் ஃபேக்டர் பாடம் எடுக்கத் தேவையில்லை.

கையில் தருகிற பெட்டியைத் திறந்தால் உள்ளே பெரும்பாலும் 2 முதல் 5 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, நாலு டயோடு, ஒரு ரெசிஸ்டர், எல்.இ.டி. அவ்வளவுதான் இருக்கும். 4 மைக்ரோஃபாரட் என்றால் அதே மோட்டாரில் 3 ஆம்ப்ஸை 2.77ஆகத்தான் இறக்க முடியும். 1.76 வரை இறங்கியது என்றால் பலகைக்குப் பின்னால் பெரிய கெப்பாசிட்டர் ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். திறந்து பார்க்க நினைப்பவர்கள் பிளக்கிலிருந்து உருவிய கையோடு ஊசிகளைத் தொடாதீர்கள். உருவும் நேரத்தைப் பொறுத்து 325 வோல்ட் வரை உள்ளே நிற்கலாம். பழைய குண்டு பல்பின் இரண்டு வயரையும் ஊசிகளில் ஒரு நொடி தொட்டு வடியவிட்ட பிறகு ஸ்க்ரூவைக் கழற்றுங்கள். ஒழுங்கான தயாரிப்பில் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே 470 கிலோ ஓம் மாதிரி ஒரு வடிகால் ரெசிஸ்டர் இருக்கும், 10 வினாடியில் அது வடித்துவிடும். மலிவுப் பெட்டியில் அந்தச் சில காசு ரெசிஸ்டரைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள்.

விஷயம் தெரிந்த ஒருவர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பார். கரண்டு குறைந்தால் வயரில் சூடாக வீணாவதும் குறையுமே, அது மிச்சம் இல்லையா? மிச்சம்தான், மறுக்கக் கூடாது. எவ்வளவு என்று பார்க்க வேண்டும். மீட்டரிலிருந்து பிளக் வரை 15 மீட்டர், 2.5 ஸ்கொயர் எம்.எம். செம்பு வயர். போக வர 30 மீட்டருக்கு ஏறக்குறைய 0.22 ஓம். 3 ஆம்ப்ஸில் 2 வாட் வீணாகும், 1.76 ஆம்ப்ஸில் 0.7 வாட். மிச்சம் 1.3 வாட், அதுவும் மோட்டார் ஓடும்போது மட்டும். தினம் ஒரு மணி நேரம் ஓடினால் இரண்டு மாத பில்லில் 0.08 யூனிட். பெட்டியின் பச்சை விளக்கும் அதன் சர்க்யூட்டும் 1 வாட் எடுத்தாலே இரண்டு மாதத்தில் 1.44 யூனிட். சேமித்ததைப் போலப் பதினெட்டு மடங்கு அதுவே தின்றுவிடும்.

இது மோட்டாருக்கான கணக்கு. வீட்டில் இருப்பவை பெரும்பாலும் இதற்கும் வழி விடாதவை. சீலிங் ஃபேனுக்குள் ஏற்கெனவே 2.5 மைக்ரோஃபாரட் அளவில் ஒரு கெப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது சுழற்சிக்காக வைத்தது, ஆனால் பவர் ஃபேக்டரையும் சேர்த்து 0.9க்கு மேல் தூக்கிவிடுகிறது. இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர், இட்லிக் குக்கரில் கைமாத்தே கிடையாது. எல்.இ.டி. பல்பு, டி.வி., செல்போன் சார்ஜர் ஆகியவற்றில் கரண்டின் அலைவடிவம்தான் சிதைந்திருக்கிறது, அதைக் கெப்பாசிட்டரால் நேராக்க முடியாது. ஏற்கெனவே சரியாக இருக்கும் இடத்தில் இன்னொரு கெப்பாசிட்டரைச் சொருகினால் கணக்கு மறுபக்கம் சாய்ந்து, வயரில் ஓட்டம் கூடவும் செய்யலாம். மூன்று ஃபேஸ் வீட்டில் பெட்டி ஒரு ஃபேஸில்தான் இருக்கிறது, மற்ற இரண்டு ஃபேஸில் ஓடுவது அதற்குத் தெரியவே தெரியாது.

கெப்பாசிட்டருக்குப் பயன் இல்லையா என்றால், பட்டறைகளில் கேட்டுப் பாருங்கள். மோட்டார் வரிசையாக ஓடும் பெரிய இணைப்புகளில் பவர் ஃபேக்டர் குறைந்தால் தனியாகக் கட்டணம் போடுகிறார்கள். அங்கே கெப்பாசிட்டர் பேங்க் வைத்தால் அந்த அபராதம் நிற்கும். மணலி, திருவொற்றியூர்ப் பக்கம் தொழிற்சாலைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய விஷயம். அங்கே உண்மையாக இருப்பதை எடுத்து, அந்தக் கட்டணமே இல்லாத வீட்டு இணைப்பில் ஒட்டியதுதான் இந்த வியாபாரம். முழுப் பொய்யைவிட இடம் மாற்றி வைத்த உண்மைதான் அதிக தூரம் ஓடுகிறது.

இனி அளவு. உங்கள் மீட்டரின் முகப்பில் 3200 என்பது போல் ஒரு எண் அச்சாகியிருக்கும், ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை சிவப்பு விளக்கு சிமிட்டும் என்பதுதான் அது. உங்கள் மீட்டரில் வேறு எண் இருந்தால் அதைப் போட்டுக் கணக்கிடுங்கள். வீட்டில் எல்லாவற்றையும் ஆஃப் செய்யுங்கள். ஃப்ரிட்ஜ், இன்வெர்ட்டர், வைஃபை பெட்டி, டி.வி.யின் ஸ்டாண்ட்பை எல்லாம். சிவப்பு விளக்கு சிமிட்டாமல் நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் எங்கோ இன்னும் ஓடுகிறது. மாடி வீடு, வாடகைப் போர்ஷன், தண்ணி மோட்டார் என்று பொது வயர் போயிருக்கிறதா பாருங்கள். பழைய வீடுகளில் இது சகஜம். பெட்டி வாங்கும் முன்பே இந்தக் கட்டத்தில் சிலருடைய பில் மர்மம் தீர்ந்துவிடும்.

பிறகு நாலு ஃபேனை முழு வேகத்தில் போடுங்கள். ஃப்ரிட்ஜும் இஸ்திரிப் பெட்டியும் இந்தச் சோதனைக்கு ஆகாது, அவை தாமாகவே நின்று நின்று ஓடும். ஃபேனையும் உடனே அளக்கக் கூடாது. வைண்டிங் சூடேறி நிலைக்கு வர 20 நிமிஷம் விடுங்கள். ஃபேன் ஒன்றுக்கு 75 வாட் என்று வைத்தால் மொத்தம் 300 வாட். 3200 மீட்டரில் 3.75 வினாடிக்கு ஒரு சிமிட்டல். 100 சிமிட்டலுக்கு 375 வினாடி, அதாவது 6 நிமிஷம் 15 வினாடி. பெட்டி சொன்னபடி 30 சதவீதம் மிச்சம் பிடித்தால் அதே 100 சிமிட்டலுக்கு 536 வினாடி ஆக வேண்டும். கிட்டத்தட்ட 9 நிமிஷம். எண்ணுவதில் ஒன்றிரண்டு தவறினாலும் இந்த வித்தியாசம் மறையாது.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. மீட்டர் பக்கத்தில் நின்று எண்ணுகிறவருக்குப் பெட்டி சொருகியிருக்கிறதா இல்லையா என்று தெரியக் கூடாது. உள் அறையில் இன்னொருவர் காசு சுண்டிப் பார்க்கட்டும். தலை விழுந்தால் சொருகுவது, பூ விழுந்தால் சும்மா விடுவது. ஆறு சுற்று. உள்ளே இருப்பவர் ஒரு தாளில் சொருகியதா இல்லையா என்று குறிப்பார், வெளியே இருப்பவர் இன்னொரு தாளில் வினாடியைக் குறிப்பார். ஆறும் முடிந்த பிறகுதான் இரண்டு தாளையும் பக்கத்தில் வைக்க வேண்டும். நேர்மையான ஆளுக்கும் இந்த மறைப்பு தேவை. காசு கொடுத்து வாங்கியவர் மனசு கடைசிச் சிமிட்டலுக்கு அரை நொடி காத்திருக்கும். பெட்டியை வெறுக்கிறவர் மனசு அரை நொடி முந்தும். இரண்டு பேரும் ஏமாற்ற நினைப்பதில்லை.

தவறு எங்கே வரும் என்றால் வோல்ட்டேஜில். சாயங்காலம் 6 மணிக்கு மேல் தெரு முழுக்க விளக்கும் ஏ.சி.யும் போட்டால் 230 என்பது 215 ஆகும். ஃபேன் தின்னும் வாட் ஏறக்குறைய வோல்ட்டேஜின் வர்க்கத்தோடு போகும். வோல்ட்டேஜ் 2 சதவீதம் இறங்கினால் வாட் 4 சதவீதம் இறங்கும், 375 வினாடி 390 ஆகிவிடும். பெட்டி இல்லாமல் 4 மணிக்கும் பெட்டியோடு 7 மணிக்கும் அளந்தால், பெட்டி வேலை செய்கிறது என்றே தோன்றும். அதனால் பகல் 11 மணிவாக்கில் சோதனையை வையுங்கள், மல்டிமீட்டர் இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் வோல்ட்டேஜைக் குறித்துவிடுங்கள். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டர் வைத்திருப்பவர்கள் அதிலும் பார்க்கலாம். அதில் வாட் என்ற எண்ணைப் பாருங்கள், ஆம்ப்ஸையோ வி.ஏ.வையோ (வோல்ட்-ஆம்பியர்) பார்த்தால் பழைய குழிக்குள்ளேயே விழுவோம்.

அந்த 600 ரூபாய் பில்லுக்கு வருவோம். அது பொய்யில்லை. ஆள் இந்தப் பெட்டியை எப்போது வாங்குகிறார்? ஏப்ரல், மே வெயிலில் பில் எகிறிய பிறகு. உச்சத்தில் வாங்கினால் அடுத்தடுத்த பில் எப்படியும் இறங்கும். பெட்டிக்குப் பதில் ஒரு எலுமிச்சம்பழத்தை மீட்டரில் கட்டியிருந்தாலும் இறங்கியிருக்கும். காசு போட்டு வாங்கியவர் விளக்கை அணைப்பதிலும் கவனமாகிவிடுவார், அதில் கொஞ்சம் இறங்கும். இதற்கு மேல் நம் ஊர் கட்டண முறை வேறு கண்ணை மறைக்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்ற கட்டண முறையை எடுத்துக்கொள்ளுங்கள். 300 யூனிட் ஓடிய வீடு 250க்கு வந்தால் யூனிட்டில் 17 சதவீதக் குறைவுதான், ஆனால் காசு கட்டும் யூனிட் 200இலிருந்து 150 ஆகிறது, அது 25 சதவீதம். அதே முறையில் 500 யூனிட்டைத் தாண்டினால் 101 முதல் 200 வரையான யூனிட்டின் விலையும் சேர்ந்து ஏறுவதால், 510இல் இருந்த வீடு 490க்கு வந்தால் ரூபாயில் தடாலென்று இறங்கும். எனவே ரூபாயைப் பார்த்துப் பேசவே கூடாது. யூனிட்டைப் பாருங்கள், அதுவும் போன வருடம் இதே இரண்டு மாதத்து யூனிட்டோடு ஒப்பிடுங்கள். நடுவில் கட்டணம் உயர்ந்திருந்தாலும் யூனிட் மாறாது.

பெட்டியால் பில் இறங்கவில்லை, சரி, கெடுதல் என்ன என்று கேட்பார்கள். காசிமேடு, ராயபுரம், எண்ணூர் என்று கடலோரம் இருப்பவர்களுக்குக் கெடுதல் இருக்கிறது. உப்புக் காற்றில் பிளக்கின் பித்தளைப் பிடி கறுத்து, பச்சை பூத்து, பிடிப்பு தளர்ந்துவிடும். இந்தப் பெட்டி 24 மணி நேரமும் அதில் தொங்குகிறது. தளர்ந்த பிடியில் கரண்டு ஓடினால் அங்கே பொறி விழும், பிளாஸ்டிக் மஞ்சளாகும், பிறகு உருகும். உள்ளே ஃப்யூஸ் கிடையாது. கெப்பாசிட்டர் வோல்ட்டேஜ் ஏற்றத்தில் அடிபட்டு உப்பினால் தடுக்க ஒன்றுமில்லை. ஏற்கெனவே மாட்டியிருப்பவர்கள் இன்றைக்கே உருவிப் பிளக் ஓட்டையைப் பாருங்கள். கருகல் தெரிந்தால் பெட்டியோடு சேர்த்து பிளக் பாயிண்டையும் மாற்ற வேண்டும்.

இதே அளவுகோலை வேறு சில சங்கதிகளுக்கும் போட்டுப் பார்க்கலாம். தண்ணீரில் வண்டி ஓட்டும் கிட் ஆட்டோ ஸ்டாண்டுகளில் அடிக்கடி தலைகாட்டும். பேட்டரி கரண்டில் தண்ணீரைப் பிரித்து, வரும் வாயுவை இன்ஜினுக்குள் விடுவது. வாயு வருவது நிஜம், குமிழ் கண்ணுக்குத் தெரியும். எவ்வளவு வருகிறது என்று பார்ப்போம். 12 வோல்ட்டில் வரிசையாக 6 செல், 10 ஆம்ப்ஸ். ஃபாரடே விதிப்படி நிமிஷத்துக்கு 450 மில்லி அளவு ஹைட்ரஜன். அதை எரித்தால் கிடைப்பது சுமார் 75 வாட். லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுக்கும் பெட்ரோல் ஆட்டோ மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் மணிக்கு 1.2 லிட்டர் குடிக்கிறது. அது 10,600 வாட்டுக்குச் சமம். ஹைட்ரஜனின் பங்கு 0.7 சதவீதம். 12 வோல்ட், 10 ஆம்ப்ஸ் என்ற அந்த 120 வாட் கரண்டைத் தயாரிக்க ஆல்டர்னேட்டர் (வண்டியில் கரண்டு உண்டாக்கும் கருவி) இன்ஜினைத்தான் இழுக்கிறது. ஆல்டர்னேட்டரில் பாதி போய், இன்ஜினில் முக்கால்வாசி போய், பெட்ரோல் கணக்கில் ஏறக்குறைய 1000 வாட் செலவு. ஆயிரம் கொடுத்து எழுபத்தைந்து வாங்குகிற வியாபாரம்.

அப்படியும் ‘மைலேஜ் கூடிச்சு’ என்று டிரைவர்கள் சொல்வது ஏன்? கிட் மாட்டும்போது மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைச் சுத்தம் செய்கிறார், ஏர் ஃபில்டரை மாற்றுகிறார், கார்புரேட்டரில் பெட்ரோலைக் குறைத்து வைக்கிறார். முதல் இரண்டும் கிட் இல்லாமலே மைலேஜ் தரும். மூன்றாவது, இன்ஜினைச் சூடாக்கிச் சில மாதத்தில் வால்வைக் கருக்கும். ஆயிரக்கணக்கில் செலவு வைப்பது அதுதான். சோதிக்க வேண்டுமானால் கிட் மாட்டியபடியே அதன் வயரை மட்டும் கழற்றியும் சேர்த்தும், டேங்க் நிரம்ப நிரம்ப, ஒரே பங்க்கில், ஒரே டயர் காற்றில், வகைக்கு மூன்று டேங்க் ஓட்டிப் பாருங்கள்.

1996இல் தமிழ்நாடே பேசிய மூலிகைப் பெட்ரோலும் அளவோடு சேர்ந்த கதைதான். ராமர் பிள்ளை தண்ணீரில் இலையைப் போட்டுக் கொதிக்கவைத்துக் கலக்கினார், பெட்ரோல் மாதிரி எரிகிற ஒன்று மேலே வந்தது. எல்லாரும் இலையைப் பார்த்தார்கள், என்ன இலை, எந்த மலை என்று கேட்டார்கள். கலக்கும் குச்சியின் பொந்துக்குள் எரிபொருளை வைத்து மெழுகால் அடைத்ததுதான் சூட்சுமம் என்று பிறகு விளக்கப்பட்டது. சட்டிக்குள் போகிற எல்லாவற்றையும், குச்சி உட்பட, எடை போட்டு உள்ளே விட்டிருந்தால் முதல் நாளே முடிந்திருக்கும். தொலுயீன், நாஃப்தா கலவையை மூலிகை எரிபொருள் என்று விற்ற வழக்கில் விசாரணை நீதிமன்றம் அவருக்கு 3 ஆண்டு சிறை விதித்தது 2016இல். நடுவில் 20 வருடம். ‘வெளிநாட்டுக்காரன் அமுக்கிட்டான்’ என்று நம்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களைப் பரிகாசம் செய்து ஒன்றும் ஆகப்போவதில்லை. குச்சியின் எடையைப் பற்றிப் பேசினால் கேட்பார்கள்.

அசாதாரணமாக எதையும் சொன்னாலே மோசடி என்று ஒதுக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. 2023 ஜூலையில் கொரிய ஆய்வாளர்கள் எல்.கே.-99 என்ற பொருளை வெளியிட்டார்கள். சாதாரண அறை வெப்பத்தில், ஏன் 127 டிகிரி செல்சியஸ் வரைக்கும், மின்தடையே இல்லாத கடத்தி (மீக்கடத்தி) என்றார்கள். நிஜமாக இருந்திருந்தால் மின்சாரத் தொழிலே தலைகீழாக மாறியிருக்கும். காந்தத்தின் மேல் ஒரு துண்டு பாதி தூக்கி நிற்கும் காணொளி உலகம் முழுக்க ஓடியது. ஆனால் அவர்கள் செய்முறையையும் கூடவே வெளியிட்டார்கள். ஈய ஆக்சைடு, ஈய சல்பேட், செம்பு, பாஸ்பரஸ், வெற்றிடக் குழாயில் 925 டிகிரி சூடு என்று யாரும் செய்து பார்க்கக்கூடிய அளவுக்கு. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல நாட்டு ஆய்வகங்கள் சமைத்துப் பார்த்தன, மீக்கடத்தல் தென்படவில்லை. மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம் உள்ளே கசடாகக் கலந்திருந்த செப்பு சல்ஃபைடு. அது 104 டிகிரி வாக்கில் தன் அமைப்பை மாற்றிக்கொள்ளும், மின்தடை திடீரென்று மாறும். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் கசடு இல்லாத தூய படிகத்தை வளர்த்தார்கள். அது கரண்டையே கடத்தவில்லை. சில வாரத்தில் விவகாரம் முடிந்துவிட்டது. அந்தக் கொரியர்கள் தவறினார்கள், ஆனால் தங்கள் தவறைப் பிறர் கண்டுபிடிக்கத் தேவையான அத்தனையையும் கையில் கொடுத்தார்கள். எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. பில் பெட்டி விற்கிறவர் உள்ளே எத்தனை மைக்ரோஃபாரட் என்றுகூடச் சொல்ல மாட்டார்.

யூனிட் நிஜமாகக் குறைய வேண்டும் என்ற ஆசையில் தப்பே கிடையாது. அத்திப்பட்டு, வல்லூர் அனல் மின் நிலையங்களின் சாம்பல் விழுகிற கரையில் குடியிருக்கிறோம். எண்ணூர்க் கழிமுகத்தில் அந்தச் சாம்பல் படிந்து மீன்பாடு போனது இங்கே வீட்டுக்கு வீடு தெரியும். எரியாத ஒரு யூனிட்டின் மதிப்பு வேறு ஊரைவிட நமக்குக் கூடுதல். அதனால்தான் அந்த ஆசையைப் பொய்ப் பெட்டிக்கு விற்றுவிடுவது வயிற்றெரிச்சலாக இருக்கிறது.

குறைப்பதற்கு வழி இருக்கிறது, அதையும் இதே சிமிட்டலில் சோதிக்கலாம். 75 வாட் சாதா ஃபேனுக்குப் பதிலாக பி.எல்.டி.சி. ஃபேன் (பிரஷ் இல்லாத டி.சி. மோட்டார் உள்ளது) முழு வேகத்தில் 28 முதல் 35 வாட் எடுக்கும். ஃபேன் ஒன்றுக்கு 45 வாட் மிச்சம் என்று வைத்து, தினம் 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 40 யூனிட். எல்லா அறையிலும் மாற்ற வேண்டியதில்லை, ராத்திரி முழுக்க ஓடும் அறையில் முதலில் மாற்றுங்கள். எப்போதும் குறைந்த வேகத்திலேயே ஓடும் ஃபேனில் மிச்சம் இவ்வளவு வராது. ஃப்ரிட்ஜ் கதவின் ரப்பரில் ஒரு தாளை வைத்து மூடி இழுங்கள். தடையில்லாமல் வந்துவிட்டால் ரப்பர் போய்விட்டது, கம்ப்ரஸர் ஓய்வில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

பி.எல்.டி.சி. மாட்டும்போது எலக்ட்ரீஷியனிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்லுங்கள்: சுவரில் உள்ள பழைய ரெகுலேட்டரைக் கழற்றிவிட்டு வயரை நேராகச் சேர்க்க வேண்டும். அந்த ஃபேனுக்குள் தனியாக ஒரு போர்டு இருக்கிறது, ரெகுலேட்டர் வெட்டித் தரும் கரண்டை அது தாங்காது. வாரண்டி கார்டிலும் அதுதான் எழுதியிருக்கும். நாலு ஃபேனையும் மாற்றிய பிறகு மீட்டர் முன்னால் மறுபடி நின்று 100 சிமிட்டல் எண்ணுங்கள். முன்பு 375 வினாடியில் முடிந்தது, ஃபேன் ஒன்றுக்கு 30 வாட் என்றால் இப்போது 937 வினாடி, 15 நிமிஷத்துக்கும் மேல். உட்கார ஒரு ஸ்டூல் எடுத்துப் போங்கள்.